ஒரு போசிச் சோறு

19-8-96, திங்கள்

இன்றும் தூக்குப்போசியை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டேன். மில் கேட்டைத் தாண்டி, பஸ் பிடித்து, சிங்காநல்லூரில் இறங்கி, பூட்டைத் திறந்து, போசியை மேடையில் வைத்த பிறகுதான் உறைத்தது. இது யாருக்கு?

கேண்டீனில் அடுப்பை அணைத்ததும் கை தானாகப் போசியை எடுக்கிறது. சோறு, மேலே சாம்பார், மூடியில் பொரியல். கைக்கு இன்னும் சேதி போய்ச் சேரவில்லை. என் வீட்டுக்காரர் கண் மூடியது ஆனியில். இப்போது ஆவணி.

பக்கத்து வீட்டு ஆமினா பீவியிடம் கொடுத்தேன். "நீங்க உண்டீங்களாக்கா?" என்றாள். ஆச்சு என்றேன். பொய்.

இந்த டைரி அவருடையது. மில்லில் கணக்கு முடித்து வந்த பிறகும் வருஷா வருஷம் யாராவது அவருக்கு ஒன்று கொடுத்து அனுப்புவார்கள். ஒரு எழுத்து எழுத மாட்டார். ரேடியோவுக்கு அடியில் முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். தாள் வீணாகிறதே என்று எடுத்தேன். எங்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு. எழுத வருவது தமிழ் மட்டும், அதுவும் ஐந்தாவது வரைக்கும் படித்தது. பிழை இருந்தால் இருக்கட்டும். யார் பார்க்கப் போகிறார்கள்.

22-8-96

மோர் சோறு. கடை ஊறுகாய். போதும்.

1-9-96, ஞாயிறு

லீவு. காலையிலிருந்து பின்மண்டை வலிக்கிறது. தினம் காலையில் அவர் ஒரு சத்து மாத்திரை கொடுப்பார். அது தீர்ந்து நாளாயிற்று. வாங்கி வந்து கையில் வைக்க ஆளில்லை.

யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். முன்னூறு பேருக்குச் சமைக்கிறவள் நான். எனக்கு மட்டும் என்று சமைக்கத் தெரியாது. கல்யாணமாகி வந்தது பெரிய குடும்பத்துக்கு. அங்கிருந்து நேராகக் கேண்டீன். ஒரு ஆளுக்கு உலை வைத்ததே இல்லை.

அவருக்கு நெஞ்சில் பஞ்சு ஏறி, இருமல் பிடித்து, மில்லை விட்டு நின்ற பிறகு வீட்டு அடுப்பு அவர் கைக்குப் போனது. எனக்கு ஆரம்பத்தில் வெட்கமாக இருந்தது. எதிர்வீட்டம்மா கேலி பேசுவார். "ஏனுங்க நரசிம்மலு, நாளைக்குக் கோலமும் நீங்களே போட்டுருவீங்களாட்ட இருக்குது!" அவர் அசர மாட்டார். "மாவு குடுங்க, உங்க வாசலுக்கும் சேத்திப் போட்டுப்போடறேன்" என்பார்.

நாளெல்லாம் அண்டாப் பக்கத்தில் நிற்கிறவளுக்கு அந்த ஆவியிலேயே பசி செத்துவிடும். கேண்டீனிலிருந்து நான் கொண்டு வருவதை நான் தொட மாட்டேன். அது அவருக்கு. எனக்கு அவர் தனியாக, சின்னப் போசியில் வைப்பார். நான் பின்கட்டில் கைகால் கழுவி, சேலை மாற்றி வருவதற்குள் ஆகிவிடும். சாமை, பாசிப்பருப்பு, முருங்கைக்கீரை, சின்ன வெங்காயம். எல்லாம் ஒரே போசியில் வேகும். இறக்கி வைத்து, வறுத்த நிலக்கடலையை நுணுக்கித் தூவி, எலுமிச்சை பிழிவார். தட்டு வட்டலில் போட மாட்டார். "போசியோட மடியில வெச்சுக்க அம்மணி, சூடு வயித்துக்கு நல்லது."

அவர் எதிர்ச் சுவரில் சாய்ந்துகொண்டு என் சாம்பாரைத் தின்பார். "இதுல முன்னூறு பேர் வாசம் அடிக்குது" என்று சொல்லிக்கொண்டே வழித்துத் தின்பார். நடுவில் ஒரு தடவை கேட்பார், தெலுங்கில். "உப்பு சரிபோயிந்தா?" உப்பு போதுமா என்று. "சரிபோயிந்தி" என்பேன். போதும் என்று. நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டேன். தினமும் இதுதான். வேறு பெரிய பேச்சு எங்களுக்குள் கிடையாது.

அந்தச் சோறு இப்போது வேண்டும் போல இருக்கிறது. வேறு எதுவும் இறங்கவில்லை.

5-9-96

இன்றைக்கு வைத்துப் பார்த்தேன்.

சின்னப் போசியைத்தான் எடுத்தேன். சாமை ஒரு டம்ளர் போட்டேன். கண்ணுக்குத் துளியூண்டாகத் தெரிந்தது. இன்னொரு டம்ளர். பருப்பைக் கையால் அள்ளினேன். கீரை ஒரு முறம். கொதி வந்ததும் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கியது. குண்டாவுக்கு மாற்றினேன். அதுவும் போதாமல் பண்டிகை நோம்பிக்கு எடுக்கிற பெரிய சட்டிக்கு மாற்றினேன். உப்பை அள்ளிப் போட்ட பிறகுதான் பார்த்தேன். ஒரு பிடி. இந்தக் கைக்கு உப்பு என்றால் ஒரு பிடிதான்.

ஒரு வாய் வைத்துத் துப்பினேன். தண்ணீர் விட்டு, இன்னும் சாமை போட்டு, இன்னும் பெருக்கி, கடைசியில் ஆமினா வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் கொடுத்தேன். நான் மோர் குடித்துப் படுத்தேன்.

6-9-96

ஆமினா சட்டியைக் கழுவிக் கொண்டு வந்து கொடுத்தாள். "ருசி நல்லாத்தானுங்க்கா இருந்துச்சு. ஆனா எங்க ஊட்டுக்காரரு உண்டுபோட்டு ஒரு குடம் தண்ணியக் காலி பண்ணிட்டாருங்க. குழாயில தண்ணி வராத நாளாப் பாத்துக் குடுத்துட்டீங்களே!"

அவள் வீட்டுக்காரர் ஜபருல்லா சைக்கிள் கடையில் இருந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டார்.

14-9-96, சனி

கேண்டீனில் விழுந்துவிட்டேன். சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தேன். கண் முன்னால் வெள்ளையாகப் போனது. வெள்ளியங்கிரி மட்டும் பின்னால் பிடிக்கவில்லை என்றால் அண்டாவுக்குள்தான். என் கூடச் சமைக்கிறவன். கேலியும் கோட்டியுமாகப் பேசுவான், நல்லவன். தண்ணீர் தெளித்து உட்கார வைத்து, "ஏனுங்க்கா, சாம்பாருக்கு முருங்கக்காய் போதாதுங்களா, நீங்களும் உளுகோணுமா?" என்றான். பேசிக்கொண்டே தன் துண்டால் எனக்கு விசிறினான்.

மேனேஜர் அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்றுவிட்டார். டாக்டரைப் பார்த்து, உடம்பு தேறும் வரைக்கும் காய் நறுக்க வேண்டும். கரண்டி வெள்ளியங்கிரியிடம்.

டாக்டரிடம் அவர்தான் கூட்டிப் போவார். தனியாகப் போனதில்லை.

15-9-96, ஞாயிறு

வெள்ளியங்கிரி எஸ்.டி.டி. பூத்திலிருந்து கோபி ஊருக்குப் போன் போட்டிருக்கிறான். மகள் ஹரிதா முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் நின்று பார்த்தாள். என் ரவிக்கைக் கை தொளதொளவென்று தொங்குவதைப் பார்த்தாள்.

வீட்டில் தெலுங்குதான் பேசுவாள். கோபம் வந்தால் தமிழ் வந்துவிடும். "ஏம்மா, ஊருக்கே ஆக்கிப்போடறே, உனக்கு ஒரு வாய் ஆக்கிக்கத் தெரியாதா?"

"தெரியலீயே கண்ணு."

"வெளையாடறியா?"

விளையாடவில்லை. உண்மையைத்தான் சொன்னேன்.

போகும்போது முடிவாகச் சொல்லிவிட்டாள். "தீபாவளி நோம்பி கழியட்டும். நான் வருவேன். அப்பவும் இப்பிடியே எலும்பும் தோலுமா நின்னுட்டு இருந்தீன்னா வேலைய விட்டுப்போடு. ஊட்டக் காலி பண்ணிட்டு எங்கூடக் கெளம்பு. ஒரு பேச்சுப் பேசக் கூடாது."

மருமகன் தங்கமான மனுஷன். வயல், தோப்பு, பால். அங்கே யாரும் என்னைப் பட்டினி போட மாட்டார்கள். அதெல்லாம் சரி. ஆனால் நாங்கள் உட்கார்ந்து தின்கிற இடத்தில் எதிர்ச் சுவரில் ஒரு கறை இருக்கிறது. எண்ணெய்த் தலையோடு அவர் சாய்ந்து சாய்ந்து வட்டமாக ஆனது. நான் போனால் வீட்டுச் சொந்தக்காரர் முதல் வேலையாக வெள்ளை அடிப்பார்.

மாட்டேன். நான் போக மாட்டேன். தின்று காட்ட வேண்டும், அவ்வளவுதானே.

20-9-96

சாமை டப்பாவின் அடியில் ஒரு பாட்டில் மூடி கிடந்தது. ஹார்லிக்ஸ் மூடி. எப்படி விழுந்ததோ என்று வெளியே எடுத்துப் போட்டேன். பிறகு பருப்பு டப்பாவிலும் ஒன்று கிடந்தது, அதைவிடச் சின்னது. அப்போதுதான் புரிந்தது. இது அவர் அளக்கிற படி.

சாமை இரண்டு மூடி வைத்தேன். பருப்பு சின்ன மூடியில் ஒன்று. போசி அடியில் ஒட்டிக் கிடந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது. கை இன்னும் அள்ளப் பார்த்தது. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டேன். உண்மையாகத்தான்.

சரியாக முக்கால் போசி வந்தது. உப்பைக் கடைசியில், ருசி பார்த்துப் பார்த்து, நுனி விரலால் போட்டேன்.

பாதி தின்றேன். அது அந்தச் சோறு இல்லை. ஆனாலும் பாதி.

29-9-96, ஞாயிறு

ஐந்தாறு தடவை வைத்தாகிவிட்டது. வெங்காயத்தை வதக்கிப் பார்த்தேன், வதக்காமல் போட்டுப் பார்த்தேன். தேங்காய்த் துருவல். சீரகம். பூண்டு. கீரையைக் கடைசியில் போட்டேன். எல்லாம் அதேதான். அது மட்டும் இல்லை.

ஒவ்வொரு வாய்க்கும் நாக்கு இது இல்லை, இது இல்லை என்கிறது. பாதிக்கு மேல் போகவில்லை. ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு தள்ளுகிறேன். நானே போட்ட எலுமிச்சை ஊறுகாய் இருந்தது முன்னால், ஒரு பீங்கான் ஜாடி நிறைய. பூசணம் பூத்துவிட்டது என்று ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் எடுத்துப் போய்க் கொட்டிவிட்டார். ஜாடியையுமா கொட்டுவாங்க என்று சண்டை போட்டேன். இப்போது கடை ஊறுகாய்.

என்னத்தப் போட்டீங்க அதுல? ஒரு நா, ஒரே ஒரு நா, சமையக்கட்டுக்குள்ள வந்து நின்னு பாத்திருக்கலாமில்ல நானு. வர விட்டீங்களா. நீயி அங்கயே வெந்துட்டு வாரே, இங்கயாச்சும் உக்காரு, உக்காருன்னு. உக்காந்துட்டே இருந்துட்டேன். இப்ப என்ன பண்றது? ஹரிதா வந்து நிக்கப் போறா.

4-10-96

வெள்ளியங்கிரி சாம்பார் ருசி பார்க்கச் சொன்னான். பார்த்து, ரெண்டு கை உப்புப் போடு என்றேன். போட்டான். மதியம் ஷிப்டு ஆட்கள் சோறு வாங்குமிடத்திலேயே கத்தினார்கள். கடல் தண்ணி என்றான் ஒருவன்.

வெள்ளியங்கிரி என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. "எங்கை தவறிருச்சுங்க" என்று திட்டு வாங்கிக்கொண்டான். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வெங்காயம் உரித்தான். "ஏனுங்க்கா, உங்க நாக்கு எங்கீங்க்கா போச்சு?" என்று மெதுவாகக் கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை.

இத்தனை வருஷத்தில் என் உப்பை ஒருத்தரும் குறை சொன்னதில்லை. கை அளவு தெரியும்; கடை ஊறுகாயே தின்று தின்று நாக்குத்தான் மரத்துவிட்டதோ.

12-10-96, சனி

புரட்டாசிச் சனிக்கிழமை. மாளய அமாவாசையும் சேர்ந்து வந்திருக்கிறது. வருஷம் திரும்பாத வீட்டில் படைக்கக் கூடாது என்றார் எதிர்வீட்டம்மா. சாமிக்குப் படைக்கவில்லைங்க, அவருக்குத்தான், அவருக்குப் பசிக்குமில்ல என்றேன். திரும்பித் தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

லீவு சொல்லியிருந்தேன். வடை பாயசம் எதுவும் செய்யவில்லை. அந்தப் போசிச் சோற்றையே வைத்தேன். எனக்கு இத்தனை நாள் வைத்தாரே, ஒரு நாள் அவர் தின்னட்டும். அவர் அதை ஒரு வாய் தின்று நான் பார்த்ததில்லை.

இரண்டு மூடி, ஒரு மூடி, கீரை, வெங்காயம். படைக்கிற சோற்றை ருசி பார்க்கக் கூடாது. மூடி வைத்து, வெந்ததும் இறக்கி, கடலை தூவி, எலுமிச்சை பிழிந்து, அப்படியே போசியோடு படத்துக்கு முன்னால் வைத்தேன். கும்பிட்டேன். கொல்லையில் காக்காய்க்கு ஒரு உருண்டை வைத்தேன். அது ரொம்ப நேரம் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டுத் தூக்கிக்கொண்டு போனது. பிறகு நான் உட்கார்ந்தேன். மடியில் போசி.

முதல் வாய்.

அதுதான்.

அந்தச் சோறுதான். அவர் வைத்த சோறு. நான் அசையவில்லை. அசைந்தால் போய்விடுமோ என்று இருந்தது. இரண்டாவது வாய். அதுவும் அதுதான்.

எதைப் போட்டேன் இன்றைக்கு? புதிதாக ஒன்றும் போடவில்லையே. வழக்கம் போலத்தான். வழக்கம் போல வேக வைத்து, வழக்கம் போல — இல்லை. ருசி பார்க்கவில்லை. ருசி பார்த்துத்தானே கடைசியில் உப்புப் போடுவேன். ருசி பார்க்காததால் உப்புப் போடவில்லை. உப்பு டப்பா அலமாரியிலிருந்து கீழே இறங்கவே இல்லை.

போசியையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அப்படியானால் இத்தனை நாளும் உப்பே இல்லாமலா வைத்தீர்கள்? உப்பே போடாமல் வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து, முகத்தை அப்படி வைத்துக்கொண்டு, உப்பு சரிபோயிந்தா என்று கேட்டீர்களா? நானும் போதும் போதும் என்று தலையாட்டினேனே. முன்னூறு பேருக்கு உப்புப் பார்க்கிறவள்!

சிரிப்பு வந்துவிட்டது. அவர் போன பிறகு முதல் சிரிப்பு. தனியாக உட்கார்ந்து, வாய் நிறையச் சோற்றோடு. அப்புறம் அது எங்கே போய் முடிந்தது என்று எழுத வேண்டாம்.

போசி காலி.

13-10-96, ஞாயிறு

ஏன் என்று தெரிய வேண்டும். ஆமினாவிடம் போய்ச் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. உள்ளே போனாள். ஜபருல்லா "குடுத்துரு ஆமினா, இன்னும் எதுக்கு" என்றார். அவள் கையில் என் ஊறுகாய் ஜாடியோடு வந்தாள்.

"அண்ணாதானுங்க்கா கொண்டாந்து குடுத்தாரு. ஊறுகாயத் தின்னுபோடுங்க, ஜாடிய மட்டும் பத்திரமா வெச்சிரு ஆமினா, உங்கக்கா கண்ணுல பட்ரக் கூடாதுன்னாரு. ஏனுங்கண்ணான்னு கேட்டேன். டாக்டரு சொல்லியிருக்காங்க, மேல கேக்காதேன்னுட்டாருங்க."

"இத்தன நாளா சொல்லலீயே ஆமினா."

"அவரு மௌத்தானப்பறம் இத எப்பிடீங்க்கா எடுத்தாந்து நீட்டறது? தெனமும் பாத்திரம் கழுவறப்பெல்லாம் இதத்தான் பாத்துட்டு இருப்பேன்."

ஜாடி கண்ணாடி போலச் சுத்தமாக இருந்தது. மூடியில் நான் கட்டிய துணி கூட அப்படியே.

15-10-96, செவ்வாய்

டாக்டரிடம் போனேன். தனியாக. மில்காரர்கள் போகிற அதே டிஸ்பென்சரி.

டாக்டரம்மா கையில் பட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார். "பிரஷர் இவ்வளவு ஏறியிருக்கே. மாத்திரை சாப்பிடறீங்களா?"

"என்ன மாத்திரைங்க?"

"தினம் காலையில ஒண்ணு. வெள்ளையா, சின்னதா."

"அது சத்து மாத்திரைங்க."

டாக்டரம்மா பட்டியைச் சுருட்டி வைத்தார். பிறகுதான் சொன்னார். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் தலைவலி என்று நான் வந்த அன்றைக்கே பிரஷர் இருந்ததாம். நான் ஊசி போட்டுக்கொண்டு வெளியே பெஞ்சில் படுத்திருந்தேன். அவரிடம்தான் சொல்லியிருக்கிறார். மாத்திரை விடக் கூடாது, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், ஊறுகாய் ஆகவே ஆகாது என்று.

"நீங்களே அவங்ககிட்டச் சொல்லிருங்கன்னேன். உங்க வீட்டுக்காரர் கேக்கல. 'அவ சமையக்காரிங்க டாக்டரம்மா. உப்பத் தொடாதேன்னு சொன்னா அவளுக்குக் கையி ஓடாது, பயந்து போயிருவா. அவளுக்குத் தெரியாம நான் பாத்துக்கறேன்'னாரு. வீட்டுக்காரர் வரலையா இன்னைக்கு?"

சொன்னேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சீட்டில் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். பஸ் ரெண்டு போனது.

16-10-96

கோபமாக வருது.

ஏனுங்க, நான் என்ன பச்சப் புள்ளையா? என்ற ஒடம்பு, என்ற வியாதி, எனக்குத் தெரியக் கூடாதா? நீங்க இருக்கற வரைக்கும் பாத்துக்கிட்டீங்க, சரி. இல்லாமப் போனா? அத ரோசிச்சீங்களா? அண்டாவுக்குள்ள உளுந்திருப்பேன். மாத்திரைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே வாங்கியிருப்பேனே. இருமி இருமி உசுரு போற வரைக்கும் கீரை உருவிட்டு, வாயத் தொறக்கலியே நீங்க.

சோறு வைத்தேன். உப்புப் போடவில்லை. கோபத்தோடேயே தின்றேன். எல்லாத்தையும்.

21-10-96, திங்கள்

டாக்டரம்மா சொன்னதை மேனேஜரிடம் சொன்னேன். இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்றார்.

வெள்ளியங்கிரியிடம் முழுக்கதையும் சொன்னேன். வெங்காயக் கூடைக்கு முன்னால் அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "அண்ணன் கில்லாடிங்க்கா" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயத்தின் மேல் பழி போட்டான்.

"இனி உப்புக்கு உன் நாக்குதான் தம்பி. நான் வேற எல்லாம் பாக்கறேன்."

"பெரிய பதவிதானுங்க்கா. சம்பளம் ஏத்திக் கேக்கறேன்."

2-11-96

ஜாடியில் நிலக்கடலை வறுத்து நுணுக்கி வைத்திருக்கிறேன். பாதி ஜாடி வந்தது. ஹார்லிக்ஸ் மூடி அதனதன் டப்பாவில்.

காலையில் மாத்திரை. சத்து மாத்திரை.

10-11-96, ஞாயிறு

தீபாவளி. இந்த வருஷம் எங்களுக்கு நோம்பி இல்லை. வாசலில் கோலம்கூடப் போடவில்லை. விடிந்து பார்த்தால் வாசல் கூட்டி, தண்ணீர் தெளித்து இருந்தது. ஆமினா வேலைதான். கேட்டால், "எங்க வாசலக் கூட்டறப்ப வெளக்கமாறு சித்தத் தள்ளி வந்திருச்சுங்க்கா" என்கிறாள்.

மத்தாப்பு வாசம் வீடு முழுக்க. ஜபருல்லாவுக்கும் பிரஷர் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இதைச் சொல்லிவிட்டு ஆமினா என் முகத்தையே பார்த்தாள். இன்னொரு போசி எடுத்து அவருக்கும் இரண்டு மூடி வைத்துக் கொடுத்தேன். அவரிடம் மறைக்க வேண்டாம், சொல்லிவிட்டே கொடு என்றேன்.

திண்டாடித் தின்றாராம். ஒரு வாய்க்கு ஒரு தடவை "யா அல்லா" என்றாராம்.

18-11-96

கரண்டி என் கையில். மேனேஜர் சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார். உப்பு வெள்ளியங்கிரி பார்த்தான். சோறு வாங்குமிடத்தில் ஒருத்தரும் கத்தவில்லை.

24-11-96, ஞாயிறு

ஹரிதா வந்தாள். சொன்னபடி. கையில் காலிப் பை இரண்டு, என் துணிமணிக்கு.

வாசலில் நின்று பார்த்தாள், அன்றைக்குப் பார்த்த மாதிரியே. ரவிக்கைக் கையைப் பிடித்துப் பார்த்தாள். தொங்கவில்லை. உள்ளே வந்து டப்பாக்களைத் திறந்து பார்த்தாள், குப்பைக்கூடையைப் பார்த்தாள், ஜாடியைத் திறந்து மோந்து பார்த்தாள். போலீஸ்காரி மாதிரி.

"பசிக்குதும்மா" என்றாள் கடைசியில்.

பஸ்ஸில் வந்த பிள்ளை. கைகால் கழுவிட்டு வா என்றேன். அவள் பின்கட்டிலிருந்து வருவதற்குள் வைத்து இறக்கிவிட்டேன். போசியோடு கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு ஒரு வாய் வைத்தாள்.

"ஏம்மா! உப்பே போடலியா?"

"உங்க நைனா வெக்கற சோறு கண்ணு அது. ரெண்டு வருஷம் எனக்கு வெச்சது."

எல்லாவற்றையும் சொன்னேன். ஜாடி, மாத்திரை, பெஞ்சு, அமாவாசை. அவள் போசியைக் கீழே வைக்கவில்லை. கேட்டுக்கொண்டே, உப்பில்லாமலே, மெல்ல மெல்லத் தின்றாள். உப்பு டப்பாவை அவள் பக்கம் தள்ளி வைத்தேன். தொடவில்லை. எலுமிச்சை மட்டும் இன்னும் கொஞ்சம் பிழிந்துகொண்டாள். கடைசி வாய் தின்று, எதிர்ச் சுவரைப் பார்த்தாள்.

"வெள்ளை அடிக்கச் சொல்லாதே" என்றாள்.

சாயங்காலப் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். காலிப் பை வீணாகப் போக வேண்டாம் என்று ஒன்றில் முருங்கைக்கீரையும், ஒன்றில் கடலைப் பொடியும் போட்டுக் கொடுத்தேன். பஸ் ஏறும்போது, "மாத்திரைய மறந்தீன்னா வந்துருவேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து, கைகால் கழுவி, சேலை மாற்றி, இரண்டு மூடி போட்டேன். வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். போசி மடியில் சூடாக இருந்தது. தின்று முடித்துக் கழுவிக் கவிழ்க்கும்போதுதான் கவனித்தேன், நடுவில் எப்போதோ வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன்.

சரிபோயிந்தி.

இன்னொரு தடவை, எதிர்ச் சுவரை நிமிர்ந்து பார்த்துச் சொன்னேன்.